கால்மிதியாகக் கிடந்த சட்டை

பெரியம்மா வீட்டுக் குளியலறை வாசலில் அது கிடந்தது. நான்காக மடித்துப் போட்டிருந்தார்கள். கால் பட்டுப் பட்டு என்ன நிறம் என்றே தெரியவில்லை. மலேசியாவின் கூலிம் ஊருக்குப் பக்கத்தில், தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வீடு அது. ரப்பர்த் தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு பெரியம்மா அங்கே வந்து குடியேறினார். கால் கழுவிவிட்டு அதன்மேல் நின்றபோது பாதத்தில் ஏதோ சொரசொரவென்று உறுத்தியது. குனிந்து எடுத்துப் பிரித்தேன். முழுக்கை வைத்த ஆம்பளைச் சட்டை.

வலது முன்கையிலும் இடது இடுப்புப் பக்கத்திலும் கருப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. தொட்டால் காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி இருந்தது. ரப்பர் பால். முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, சின்னச் சின்ன வட்டமாக நான்கு ஓட்டைகள், ஓரம் கருகியிருந்தது. விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவர்கள் கொசுக்கடி தாங்காமல் கொசுவத்தியைப் பற்றவைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அது சுட்ட இடம். ஆறு பொத்தானில் ஒன்றுகூட இன்னொன்றுக்கு ஜோடி இல்லை. ஒன்று சிப்பிப் பொத்தான், மற்றவை பிளாஸ்டிக்.

காலரைப் பார்த்ததும்தான் எனக்குக் கை நின்றது. அது திருப்பித் தைத்த காலர். கழுத்து மடிப்பு நைந்து போனால் காலரை மொத்தமாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்து மறுபடி வைத்துத் தைப்பது வழக்கம். சட்டைக்கு இன்னும் நாலைந்து வருடம் ஆயுள் கூடும். என் அப்பா தையற்காரர். சின்ன வயதில் அவர் கடையில் காலர் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. பெரியம்மாவின் சட்டையில் அதைக் கையால் தைத்திருந்தார்கள், அதுவும் அரிசி மூட்டை கட்டும் நூல் போன்ற தடித்த நூலால்.

"இதப் போயி எதுக்குப் பாப்பா எடுக்குற? பீரோவுல பட்டு இருக்கு, அத வேணா கொண்டுபோ" என்றார் பெரியம்மா. பெரியப்பாவின் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு இருபத்தாறு வருடம் மரம் சீவியவர் அவர்.

பதினைந்து வருடங்களுக்கும் மேலாகப் பினாங்கில் பழைய துணிமணிகளைச் சேர்த்து வருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். பட்டை எடுத்துக் காட்டுவார்கள். கல்யாணச் சேலை, முகூர்த்த வேட்டி, பிள்ளைக்குக் காது குத்தியபோது போட்ட பாவாடை எல்லாம் பாச்சை உருண்டையோடு பத்திரமாக இருக்கும். வருடத்தில் முந்நூறு நாள் உடம்பில் கிடந்த துணி மட்டும் இருக்காது. அது தரை துடைத்து, சைக்கிள் துடைத்து, கடைசியில் குப்பைக்குப் போயிருக்கும். நம் தாத்தா பாட்டிகள் எப்படி இருந்தார்கள் என்பதை நான் அந்தத் துணியில்தான் தேடுகிறேன்.

நான் சேர்க்கத் தொடங்கியது ஒரு சாவில். அப்பா இறந்தபின், லெபோ பாசார் பக்கம் அவர் வாடகைக்கு வைத்திருந்த கடையைக் காலி செய்யப் போனோம். மேசைக்கு அடியில் ஒரு பெட்டி. வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்காமல் போன துணிகள், பதினோரு உருப்படி. ஒவ்வொன்றிலும் அப்பா கைப்பட எழுதிய சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது. பெயர், இஞ்சில் அளவு, முன்பணம், "வெள்ளிக்கிழமை வேணும்" என்ற மாதிரி ஒரு வரி. பெல்பாட்டம் ஒன்று, கால் விரிவு இருபத்திரண்டு இஞ்சு. ஒரு ரவிக்கைச் சீட்டில் "கை பஃப் வேண்டாம், மாமியார் திட்டுது" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது வெறும் ரவிக்கை.

அதனால் இன்றைக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். துணி கைக்கு வந்த அன்றே அதன் கதையை எழுதி வையுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும். நான் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். வரிசை எண், யார் கொடுத்தது, யார் உடுத்தியது, எந்த ஊர் அல்லது தோட்டம், எப்போது, எதற்கு, யார் தைத்தது, எங்கே வாங்கியது, என்ன விலை என்று எழுதுவேன். கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வேன். வரிசை எண்ணை ஒரு சின்னப் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, துணியின் உள்மடிப்பில் இரண்டு தளர்ந்த தையல் போட்டு வைப்பேன். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம், அதன் பசை சில வருடத்தில் துணியை மஞ்சளாக்கும். குண்டூசியும் துருப்பிடிக்கும். அப்பாவின் சீட்டுகளில் குத்தியிருந்த ஊசி ஒவ்வொன்றும் துணியில் ஒரு துருப்பொட்டு வைத்திருந்தது.

பட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிலும் எனக்கு ஒரு வேதனை உண்டு. என் பாட்டியின் கூறைச் சேலையை, தொண்ணூறுகளில் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் ஆளிடம் வீட்டார் விற்றுவிட்டார்கள். நூற்று எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். பழைய ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலில் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. சேலையை எரித்துச் சாம்பலிலிருந்து அந்த வெள்ளியை எடுப்பார்கள். இப்போது வரும் ஜரிகையில் பெரும்பாலும் செம்புக் கம்பி, இல்லாவிட்டால் பளபளக்கும் பிளாஸ்டிக் இழை. அதை யாரும் எரிக்க வாங்க மாட்டார்கள். உண்மையான ஜரிகை உள்ள சேலைக்குத்தான் ஆபத்து. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்து, விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், விற்குமுன் முந்தானை, கரை, உடல் மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, யாருடையது என்று எழுதி வையுங்கள். அதையாவது செய்யுங்கள்.

சேகரிப்பில் நான் செய்த பெரிய தவறு, துவைத்தது. தோட்டத்தில் கங்காணி வீட்டைச் சேர்ந்த ஓர் ஆச்சி கொடுத்த கண்டாங்கி. கெட்டியான பருத்தி, மஞ்சளில் அரக்குக் கட்டம், கருப்புக் கரை. காரைக்குடிப் பக்கத்து நெசவு. 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வகைதான். வாசனை அடித்தது. சோப்புத் தூள் போட்டு வாளியில் ஊறவைத்தேன். அரை மணி நேரத்தில் கரையின் கருப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது. ஆச்சியின் முன்னால் அதை விரித்துக் காட்ட எனக்கு இரண்டு மாதம் துணிவு வரவில்லை.

அதன் பிறகு கற்றுக்கொண்ட முறை இது. வெள்ளைப் பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் நனைத்து, உள்மடிப்பில் ஒரு மூலையில் வைத்து ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். பஞ்சில் சாயம் ஏறினால் தண்ணீரே படக் கூடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சிவப்பு நிற்கும், கருப்பு ஓடும். தண்ணீருக்கு நின்றது சோப்புத் தண்ணீரில் ஓடலாம், அதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான துணிக்குத் துவைப்பே தேவையில்லை. நிழலில், காற்றில், தட்டையாக விரித்து வைத்து, கொசுவலைத் துண்டை மேலே போட்டு அதன் வழியாக வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில் காட்டினால் தூசியும் பாதி வாசனையும் போய்விடும். கறையை எடுக்குமுன் அது என்ன கறை என்று கேளுங்கள். ரவிக்கைக் கழுத்தில் மஞ்சள், பாவாடையில் அவுரி நீலம், சட்டையில் ரப்பர் பால் எல்லாம் அவர் யார், என்ன செய்தார் என்பதற்கான சாட்சி. அழுக்கு என்று போக்கிவிட்டால் திரும்பி வராது.

தேடும் இடம் என்று கேட்டால், வீடுகள்தான் முதலில். அடுத்து லோரோங் கூலிட். காலையில் கூடும் பழைய பொருள் சந்தை அது. சீக்கிரம் போக வேண்டும், மழைநாளில் போகக் கூடாது. அங்கே கேட்கும் பேச்சை அப்படியே நம்பவும் கூடாது. "ஜப்பான்காரன் காலத்துச் சட்டை, அக்கா" என்பார்கள், மலாயா ஜப்பான் பிடியில் இருந்த 1942-45 காலத்தைச் சொல்கிறார்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று இல்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். துணியிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உள்தையல் ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி. முடி கருகுகிற வாசனை என்றால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் நைலான், டெரிலின் வகை. இதில் வருடக் கணக்கும் அடங்கியிருக்கிறது. நைலானை அமெரிக்காவில் டியூபாண்ட் 1938-ல்தான் அறிவித்தது. டெரிலினை இங்கிலாந்தில் 1941-ல் கண்டுபிடித்தார்கள், கடைக்கு வந்தது போருக்குப் பின்னால். ஆகவே இழை நைலானோ டெரிலினோ என்றால் அது நம் ஊரில் ஜப்பான்காரன் காலத்துச் சட்டையாக இருக்க வழியே இல்லை. ஜிப்பைப் பாருங்கள். உலோகப் பல் என்றால் பழையதாக இருக்கலாம், நைலான் சுருள் என்றால் பெரும்பாலும் அறுபதுகளோ அதற்குப் பிறகோ. நிறத்தையும் பாருங்கள். செயற்கைச் சாயமே 1856-ல் பெர்கின் என்ற ஆங்கிலேய இளைஞர் கண்டுபிடித்த ஊதாவில்தான் தொடங்குகிறது, செயற்கை அவுரி 1897-ல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நம் பக்கத்துச் சிவப்பு என்றால் சாயவேரும் படிகாரமும், நீலம் என்றால் அவுரி இலையும்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு துப்பும் உண்டு. கைலிகளில் ஒட்டிவரும் மார்க்குச் சீட்டில் 'சாப்' என்ற மலாய்ச் சொல் இருக்கும், முத்திரை என்று பொருள். 1972-ல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அதை ரோமன் எழுத்தில் சி, எச் இரண்டும் சேர்த்து எழுதினார்கள், பிறகு சி மட்டும். சீட்டில் எச் இருந்தால் பழைய சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். சில வியாபாரிகள் பழைய சீட்டையே பல காலம் ஓட்டியிருப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆனாலும் நல்ல துப்பு.

கைலி என்றதும் ஒரு நானாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தமிழ் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடக்கும் தூரத்தில் மூன்று தலைமுறையாகக் கைலிக்கடை. மலாய்க்காரர்கள் இதைக் காயின் பெலிகாட் என்பார்கள். பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். சோழமண்டலக் கரைத் துணியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கீழைத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றினார்கள். கோட்டை போய்விட்டது, பெயர் மட்டும் இந்நாட்டு ஆண்கள் இடுப்பில் நிற்கிறது. இதைச் சொன்னால் மலாய் நண்பர்கள் ஆச்சரியப்படுவார்கள். நம் பிள்ளைகள் அதைவிட அதிகமாக ஆச்சரியப்படுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நானாவிடம் ஒரு பழைய கைலியைக் கொண்டுபோய், "நானா, இது கைத்தறியா, மில்லா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு முழம் இழுத்தார்.

"தங்கச்சி, விரல வச்சுப் பாரு. ஓட்டை ஓட்டையா தட்டுப்படுதா?"

தட்டுப்பட்டது. தறியில் துணி குறுகிப் போகாமல் இருக்க நெசவாளர் இரண்டு கரையிலும் ஊசி முனை வைத்த குச்சியைக் குத்தி அகலத்தை இழுத்துப் பிடிப்பார். நெய்ய நெய்யக் குச்சியை முன்னால் நகர்த்தி நகர்த்திக் குத்துவார். அந்தத் துளைகள் கரையோரம் வரிசையாக நிற்கும். துளைகளின் இடைவெளி ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறையும். "மெஷினுக்குக் கை வலிக்காது, இவருக்கு வலிச்சிருக்கு" என்றார் நானா. குடியாத்தத்திலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வந்த கைலிகளைக் கஞ்சி வாசனையிலேயே பிரித்துச் சொல்வார் அவர். அந்த மூக்கு எனக்கு வரவில்லை. நானா சொன்னதை மட்டும் முழுவதும் எழுதி வைத்திருக்கிறேன்.

என்னிடம் அதிகம் சேர்ந்திருப்பது எது என்றால், ஜப்பான் நைலான் சேலை. அறுபதுகளில் வந்தவை, கரையிலேயே ஜப்பானில் செய்தது என்று அச்சாகியிருக்கும். பினாங்கு 1969 வரை வரியில்லாத் துறைமுகம். வெளிநாட்டுத் துணி இங்கே மலிவு, கொட்டிக் கிடந்தது. 1926-ல் கட்டிய ரஜூலா கப்பலில் ஊருக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கும்போது பெட்டி நிறைய இந்தச் சேலைகள்தான் இருக்கும். அங்கே அதற்கு ஃபாரின் சேலை என்று மரியாதை. இங்கிருந்து நைலான் அங்கே போகும், அங்கிருந்து சுங்குடியும் கண்டாங்கியும் இங்கே வரும். துவைத்தால் கால் மணியில் காயும், இஸ்திரி வேண்டாம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பொதுக் குழாயடியில் துவைத்து மறுநாள் கட்ட வேண்டிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஒரு பாட்டி எனக்கு விளக்கினார். வெயிலில் வேர்த்துக் கொட்டும், அடுப்புத் தீ பட்டால் உருகி உடம்போடு ஒட்டும் என்பதையும் அவரே சொன்னார். கைத்தறியை மட்டும் மதிக்கும் நண்பர்கள் நைலானைச் சேர்க்காதே என்கிறார்கள். நான் கேட்பதில்லை.

ஜப்பான்காரன் காலத்துத் துணி என்னிடம் எதுவும் இல்லை. 1942-லிருந்து 1945 வரை புதுத்துணி வரத்தே நின்றுபோனது. சாக்கைக் கிழித்துக் கட்டினோம் என்று அக்காலத்தைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டியது நைந்து போகும்வரை கட்டினார்கள், எதுவும் மிஞ்சவில்லை. 1943-ல் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். சேலையைத் தவிர வேறொன்றும் உடுத்தாத பெண்கள் காக்கிக் கால்சட்டையும் சட்டையும் தொப்பியும் போட்டார்கள். மலாயாத் தமிழ்ப் பெண்களின் உடை வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சீருடையின் ஒரு பொத்தானாவது கிடைக்காதா என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் வீட்டிலாவது இருந்தால், தயவு செய்து துவைக்காதீர்கள்.

சரி, வைத்துக் காப்பது. பினாங்கு ஈரத்தில் இதுதான் தினப்படிப் போராட்டம். துணிக்குக் காற்றில் ஈரப்பதம் ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதம் இருந்தால் நல்லது, அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சை வரும். நம் ஊரில் கதவைத் திறந்து வைத்தாலே எண்பதைத் தொடும். ஏசியைப் பகலில் போட்டு இரவில் அணைப்பது போடாமலே இருப்பதைவிடக் கெடுதல், குளிர்ந்த துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஜெலுத்தோங்கில் என் வீட்டுச் சின்ன அறைக்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினேன். அறையில் ஒரு ஈரப்பத மானி, முப்பது வெள்ளிக்குள் கிடைக்கும். மர அலமாரியின் தட்டுகளில் வெந்நீரில் அலசிக் கஞ்சி போக்கிய காடாத்துணி விரித்து அதன்மேல்தான் துணி. மரத்திலிருந்து கசியும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. சலவைக் கடைப் பிளாஸ்டிக் உறை, சேலைக்கடை தரும் ஜிப் வைத்த பை இரண்டும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும். ஜரிகைச் சேலையை மடிக்காமல் குழாய் போலச் சுற்றி வைப்பது மேல். அதன் பக்கத்தில் ரப்பர் வளையம், கம்பளி எதுவும் வைக்காதீர்கள், அவற்றின் கந்தகம் வெள்ளியைக் கருக்கும்.

புதிதாக வரும் எந்தத் துணியும் என் வீட்டில் முதலில் போவது ஃபிரிசருக்கு. மீனுக்கும் கோழிக்கும் இல்லாமல், துணிக்கென்றே ஒரு பழைய ஃபிரிசர். காற்றை வெளியேற்றி இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில், மைனஸ் பதினெட்டு டிகிரியில், இரண்டு வாரம். பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் முழுவதும் விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த துணிமேல் தண்ணீராகப் படியும். மணி கோத்தது, சாயம் பூசி வரைந்தது ஆகியவற்றை மட்டும் ஃபிரிசரில் வைப்பதில்லை. பாச்சை உருண்டையை நான் விட்டுவிட்டேன். துணிக்கும் கெடுதல், இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் ஜி6பிடி குறைபாடு உள்ள கைக்குழந்தைக்கு அது ஆபத்து. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து இரயிலேறிக் கோலாலம்பூருக்குப் போய்த் தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தில் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். ஹப்பக் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து, 1905-ல் ரயில்வேக்காகக் கட்டிய செங்கல் கட்டடம் அது. ஜரிகை நெசவான சோங்கெட்டையும் மெழுகுச் சாயத் துணியான பாத்தேக்கையும் எவ்வளவு மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதை முதல் தடவை கவனித்தபோதுதான், என் வீட்டுச் சன்னலோரம் தொங்கவிட்டிருந்த சேலை ஏன் வெளுத்தது என்று புரிந்தது. அருங்காட்சியகங்களில் பழைய துணிக்கு ஐம்பது லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை. ஒரு சாதாரண வரவேற்பறை விளக்கே அதைவிடப் பிரகாசம்.

மக்களுக்குக் காட்டத் தொடங்கியது ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், இருபத்து மூன்று உருப்படியோடு. பிறகு கோயில் மண்டபம், அப்புறம் ஒவ்வொரு ஜூலையிலும் ஜார்ஜ்டவுனில் பாரம்பரியக் கொண்டாட்டம் நடக்கும் நாட்களில் ஒரு நண்பரின் கடைவீட்டு முன்கூடம். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர் என்பதால் அந்த நாட்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் முதலில் கேட்பது, "கட்டிப் பார்க்கலாமா அக்கா?" கூடாது. பழைய பருத்தி தோளில் தாங்கும், முழங்கை மடக்கும்போது கிழியும். முதல் வருடம் ஒரு பெண் பிள்ளை கெஞ்சியதால் ஐம்பதுகளின் ஒரு ரவிக்கையைப் போட விட்டேன், அக்குளில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது அதே அளவில், அதே வெட்டில் நான் தைத்த நகல்கள் ஆறு வைத்திருக்கிறேன். அதைப் போடட்டும், ஆடட்டும், படம் எடுக்கட்டும். தொடத் துடிப்பவர்களுக்கு என்று வரலாறில்லாத பழைய துண்டுகள் ஒரு தட்டில் இருக்கும். தொட்டால்தான் துணி புரியும், அதனால் தொடாதே என்று மட்டும் எழுதி வைத்து நான் யாரையும் அனுப்புவதில்லை.

பொம்மைக்கு உடுத்துவது இன்னொரு வேலை. கடையில் கிடைக்கும் பொம்மைகளின் தோள், நம் பாட்டிகளின் ரவிக்கைக்கு இரண்டு பங்கு. நான் மெலிந்த பொம்மை ஒன்றை வாங்கி, தோளை அறுத்து, பஞ்சும் காடாவும் சுற்றி உடம்பைத் துணிக்கு ஏற்றபடி செய்கிறேன். துணியை உடம்புக்கு இழுக்கக் கூடாது.

பின்கொசுவம் வைத்த சேலைக் கட்டு ஒன்றை அப்படி உடுத்தி வைத்திருந்தேன். கீழே அட்டையில், தோட்டத்தில் வேலைக்குப் போகும்போது கட்டியது என்று எழுதியிருந்தேன். எண்பது தாண்டிய ஒரு பாட்டி வந்து நின்று பார்த்தார். "இது கோயிலுக்குக் கட்டுறதும்மா. வேலைக்குக் கொசுவத்த இப்படி விரிச்சுவிட்டா செடியில மாட்டும். அள்ளிச் சொருகணும்." அங்கேயே நகல் சேலையைக் கேட்டு வாங்கி, என் பொம்மைமேல் கட்டிக் காட்டினார். மூன்று நிமிடம் ஆகவில்லை. அட்டையை அன்றே கிழித்து வேறு எழுதினேன். அதன்பிறகு ஒவ்வொரு கண்காட்சியிலும் அட்டைகளைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு அழிரப்பர் வைக்கிறேன். பெரியவர்கள் திருத்துகிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினாலும் திருத்தம் வருவது தமிழ் அட்டைக்குத்தான்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒட்டுப் போட்ட ரவிக்கை ஒன்று, எட்டு இடத்தில் எட்டு வேறு துணி. கொடுத்த அம்மா சந்தோஷமாகத்தான் கொடுத்தார். கண்காட்சியில் பெயரோடு வைத்தேன். இரண்டாம் நாள் அவர் மகன் வந்து, "எங்க வீட்டு ஏழ்மையை ஊருக்குக் காட்டுறீங்களா?" என்றார். கோபமில்லை, கண் கலங்கியிருந்தது. உடனே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். எனக்கு அந்த ஒட்டுகளில் தெரிந்தது அந்த அம்மாவின் கைத்திறன். மகனுக்குத் தெரிந்தது வேறு. அதன்பிறகு கொடுக்கிறவரிடம் மட்டும் கேட்பதை விட்டுவிட்டேன். பிள்ளைகளையும் உட்காரவைத்து, பெயர் போடலாமா, ஊர் போடலாமா, படம் எடுக்க விடலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி, இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடம் கொடுக்கிறேன். எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன் என்றும் அதில் ஒரு வரி இருக்கும். அந்த ரவிக்கை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

பெரியம்மாவின் சட்டையை மூன்று வருடம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். பால் கறை நாளாக நாளாக நொறுங்கிக் கொட்டத் தொடங்கியதுதான் காரணம். ரப்பர் பழசானால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு காய்ந்து உதிரும். கறை மடிப்பில் விழாதபடி தட்டையாக ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, உதிர்ந்த துகளைக்கூட ஒரு சின்ன உறையில் எடுத்து வைத்தேன். காட்டியபோதும் அதைத் தொங்கவிடவில்லை, சாய்ந்த பலகையில் படுக்க வைத்துத்தான் காட்டினேன்.

அந்த ஜூலையில் பெரியம்மாவைக் காரில் அழைத்து வந்திருந்தேன். வந்தவர் பட்டுச் சேலைகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுச் சட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒரு பையன், "ஏன் பாட்டி இதைத் துவைக்கல?" என்று கேட்டான்.

"துவைச்சேன் சாமி. போவாது. சட்டையில பால் பட்டா உடனே தொடைக்கக் கூடாது, தொடைச்சா துணிக்குள்ள ஏறிடும். காயவிட்டு உரிக்கணும், தோல் மாதிரி வரும். இந்தக் கையில இருக்கு பாரு, இது உரிக்க நேரமில்லாத நாளு. மழை இருட்டிக்கிட்டு வரும், மரத்துல பால் பிடிக்கிற மங்குல தண்ணி விழுந்தா பால் போச்சு, ஓடி ஓடி எடுப்போம். அப்ப கை படும், தொடைச்சுக்குவோம்."

பையன் கறையை நெருங்கிப் பார்த்தான். "அப்ப இதெல்லாம் மழை வந்த நாளா பாட்டி?"

பெரியம்மா சட்டைக்கு மேலே, தொடாமல், விரலை ஒவ்வொரு திட்டாகக் கொண்டுபோனார். நான் கணக்குப் புத்தகத்தில் பதினான்காம் எண்ணைத் திறந்து, 'கறை' என்ற இடத்தில் ரப்பர் பால் என்று இருந்ததற்குப் பக்கத்தில், மழை நாட்கள் என்று எழுதிக்கொண்டேன்.